பிராட்சர்ச் முதல் சீசன் கடைசி எபிசோட்: ஜோ மில்லரை நமக்குக் காட்டினார்களா, மறைத்தார்களா?

டோங்காட் அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிராட்சர்ச் என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரில் டானி என்ற பையனைக் கொன்றது யார் என்பதை வெளிப்படையாகப் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நானும் அம்மாவும் என் மகளும் சேர்ந்து நாலு ராத்திரியில் எட்டு எபிசோடும் பார்த்து முடித்தோம். இங்கிலாந்தில் இது 2013 மார்ச் 4 முதல் ஏப்ரல் 22 வரை எட்டுத் திங்கட்கிழமைகளில் வந்தது. அவர்களுக்கு ஒவ்வொரு எபிசோடுக்கும் நடுவில் ஒரு வாரம் சந்தேகப்பட நேரம் கிடைத்தது, எங்களுக்குத் தேநீர் போடும் நேரம் மட்டும்தான். அப்படி இருந்தும் கடைசி எபிசோட் முடிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அது கொலையாளியைக் கண்டுபிடிக்கும் எபிசோடே இல்லை. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விசாரணை நடத்தும் போலீஸ் அதிகாரி ஹார்டி டானியின் தொலைபேசி சிக்னலைப் பின்தொடர்ந்து, தன்னோடு விசாரணையில் இருக்கும் எல்லி மில்லரின் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விடுகிறார், உள்ளே எல்லியின் கணவன் ஜோ அந்தத் தொலைபேசியோடு நிற்கிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் இதைக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வைத்திருந்து, நம்மை வாய் பிளக்க வைத்துவிட்டு முடித்திருப்பார்கள். இதில் அதற்கப்புறம்தான் கதையே இருக்கிறது. விசாரணை அறையில் எல்லியை உட்கார வைத்து ஹார்டி சொல்லும் அந்தக் காட்சி, அப்புறம் அவள் கணவனைப் பார்க்கப் போய்க் காலால் உதைப்பது, அப்புறம் டானியின் அம்மா பெத் அவளைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: உனக்கு எப்படித் தெரியாமல் போனது?

இதே கேள்வியை எல்லி முன்பு, சந்தேகத்துக்கு ஆளான சூசன் ரைட் என்ற பெண்ணிடம் கேட்டிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? சூசனின் புருஷன் சொந்த மகளிடமே அப்படி நடந்துகொண்டிருக்கிறான், அது உனக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று எல்லி அவ்வளவு அருவருப்போடு கேட்டாள். அந்தக் கேள்வி அப்படியே திரும்பி வந்து அவள் தலையில் விழுகிறது. வில்லன் யார் என்பதை விட இதற்காகத்தான் இந்த எபிசோடை எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

லெனேசியாக்காரன்

அக்கா, நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மன் அந்த அறையின் மூலையில் குனிந்து நிற்கும்போது என் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் துப்பறியும் கதை என்று பார்த்தால் இது நியாயமான ஆட்டம் இல்லை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எட்டு எபிசோடில் டானியின் அப்பா மார்க் மேல் சந்தேகம், கடைக்காரர் ஜாக் மார்ஷல் மேல் சந்தேகம், பாதிரியார் மேல், நைஜல் மேல், சூசன் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கதை, ஒரு பொய், ஒரு கேமரா பார்வை. ஜோவுக்கு என்ன கொடுத்தார்கள்? சமைக்கிறான், குழந்தை ஃபிரெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், மனைவி வந்ததும் சிரிக்கிறான். பார்வையாளனுக்கு ஒரு பிடி கூடக் கொடுக்காமல் கடைசியில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது சுலபமான வேலை.

இன்னொன்று சொல்கிறேன். நாங்கள் பார்த்தது லோட் ஷெட்டிங் மோசமாக இருந்த காலம். ஹார்டி தோட்டத்துப் பக்கம் நடக்கும்போது சரியாகக் கரண்ட் போய்விட்டது. இருட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி அப்போதே சொன்னாள், ஜோதான் என்று. ஏன் என்று கேட்டேன். அவன் ஒருத்தனைத்தான் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றாள். அது கதைக்குள் இருக்கும் தடயத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது இல்லையே, எழுதுகிறவருடைய பழக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தது. இரண்டும் ஒன்றா?

டோங்காட் அக்கா

தம்பி, உங்கள் மனைவி சொன்னதை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். அவனை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? போலீஸ்காரியின் புருஷன் என்பதால். அதுவே தடயம்தான். விசாரணை நடத்துகிறவளே அந்த வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறாள், அந்த வீட்டுக்குள் மட்டும் விசாரணை நுழையவில்லை.

பிடி கொடுக்கவில்லை என்பதும் சரியில்லை. எல்லியின் மகன் டாம் முதல் எபிசோடிலேயே டானியின் செய்திகளை அழிக்கிறான், அப்புறம் மடிக்கணினியை உடைக்கிறான். நாம் எல்லாரும் டாம் என்ன செய்தான், டாம் என்ன மறைக்கிறான் என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு வாசல் வரைக்கும் நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், நாம்தான் மகனோடு நின்றுவிட்டோம். சூசன் ராத்திரி கடற்கரையில் டானியோடு ஒரு ஆளைப் பார்த்தேன், அது என் மகன் நைஜல் என்று சொல்கிறாள். அவள் பார்த்தது நிஜம், ஆள்தான் வேறு. அது ஜோ. இது எல்லாம் வெளிச்சத்தில் வைத்த தடயம்தானே?

சாட்ஸ்வொர்த் தாத்தா

பிள்ளைகளே, நான் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5. அதற்கு முன்னால் எங்களுக்கு எல்லாம் ஸ்பிரிங்பாக் ரேடியோதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்குவாட் கார்ஸ் என்ற போலீஸ் நாடகம் வந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டார் உட்பட பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். போலீஸ் கார் சத்தம், ஓட்டம், பிடித்துவிட்டார்கள், முடிந்தது. நல்லவன் யார் கெட்டவன் யார் என்பதில் ஒரு குழப்பமும் இருக்காது. அது அந்தக் காலத்து அரசாங்கத்துக்குப் பிடித்த கதை, எங்களுக்கும் அப்போது அது புரியவில்லை. தொலைக்காட்சி வந்த பிறகும் பிரிட்டிஷ் தொடர்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து அங்குள்ள நடிகர் சங்கம் தங்கள் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. அவர்கள் செய்தது சரி. ஆனால் இந்த மாதிரி நிதானமாக ஊரையே கிண்டிப் பார்க்கும் துப்பறியும் கதைகள் எனக்கு வயதான பிறகுதான் பார்க்கக் கிடைத்தன.

அதனால் சொல்கிறேன். ரேடியோவில் கெட்டவன் எப்போதும் வெளியே, தெருவில், இருட்டில் இருப்பான். இதில் அவன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குப் புதுசா? லெனேசியா தம்பி பிடி கேட்கிறார். வேலியைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா, தம்பி?

ஃபீனிக்ஸ் அப்பா

எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. என் காரணம் வேறு, இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

ஜோ முன்பு ஆம்புலன்ஸ் வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு மனைவி வேலைக்குப் போக, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். எனக்கு வேலை போன பிறகு நானும் அதைத்தான் செய்கிறேன், என் மனைவி மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன். வாசலில் நிற்கும் அம்மாக்கள் முதல் ஆறு மாதம் என்னோடு பேசவே இல்லை. இந்தத் தொடரில் வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கும் ஆண் இவன் ஒருத்தன்தான் என் கண்ணில் பட்டான். அவனையே கொலைகாரன் ஆக்கினால் பார்க்கிற ஜனங்கள் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? ஏற்கெனவே எரியும் சந்தேகத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய். ஏழு எபிசோடு வரைக்கும் எனக்கு அவனைத்தான் அதிகம் பிடித்திருந்தது. அதனால்தான் இத்தனை கோபம்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

ஃபீனிக்ஸ் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் வருத்தம் நியாயமானது, அதைத் தள்ளிவிட்டு நான் பேசப் போவதில்லை.

ஆனால் நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அந்தக் கண்ணோடு கடைசி எபிசோடைப் பார்த்தேன். ஜோவை அடையாளம் காட்டுவது அவன் வீட்டில் இருக்கிறான் என்பது அல்ல. 11 வயதுப் பையனுக்குப் பணம் கொடுக்கிறான், டானியின் அறையில் கிடைத்த 500 பவுண்ட் அதுதான். பையனின் அப்பா அடித்த சமயத்தில் இவன் ஆறுதல் சொல்கிறவனாக உள்ளே வருகிறான். அப்புறம் யாருக்கும் சொல்லாதே என்கிறான். தனியாக, இரகசியமாக, ராத்திரியில் சந்திக்கிறான். நான் அவனைத் தொடவில்லை, கட்டிப்பிடித்தது மட்டும்தான் என்கிறான், அதைக் காதல் என்கிறான். இந்த வரிசையைப் பாருங்கள், இது எங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் வரிசை. வேலைக்குப் போகிற ஆண், போகாத ஆண், மாமா, டியூஷன் வாத்தியார், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். தொடர் இதை ஒரு தடவைகூட உரக்கச் சொல்லாமல் காட்டிவிட்டது.

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டம், 110-ஆம் பிரிவு, ஆசிரியர், மருத்துவர், சமூக சேவகர், மதப் பணியாளர் எல்லாருக்கும் கடமை வைத்திருக்கிறது: குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள் பத்து வருஷம் சிரித்துப் பேசிய ஆளைப் பற்றி அந்தக் காரணம் மனசுக்குள் எப்போது உருவாகிறது? பெத் கேட்ட கேள்வி எனக்கு அங்கேதான் உறைத்தது. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை ஒரு வருஷம் முழுக்கப் படம் வரைவதை நிறுத்தியிருந்தாள். நான் பார்த்தேன், சோர்வு என்று நினைத்தேன். இதற்கு மேல் இங்கே எழுத விரும்பவில்லை.

ஃபீனிக்ஸ் அப்பா

டீச்சர், நீங்கள் சொன்ன வரிசையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் இரகசியம் என்ற அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. என் பிள்ளைகளிடம் இன்றைக்கே பேசினேன், பெரியவர் யாராவது அம்மா அப்பாவுக்குச் சொல்லாதே என்று சொன்னால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று.

கேப் டவுன் கடலோரம்

எல்லாரும் ஜோவைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த முடிவு இவ்வளவு கனமாக இருந்ததற்குக் காரணம் ஜாக் மார்ஷல். பத்திரிகைக் கடைக்காரர், கடற்படைச் சிறுவர்கள் குழுவை நடத்துகிறவர், பழைய தண்டனை ஒன்று இருக்கிறது. பத்திரிகைகள் அதைத் தோண்டி எடுத்ததும் ஊரே அவர் கடை வாசலில் வந்து நிற்கிறது. அவர் கடைசியில் உயிரையே விட்டுவிடுகிறார். ஜாக்காக நடித்த டேவிட் பிராட்லிக்கு 2014-இல் துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது கொடுத்தார்கள், கோல்மனுக்குச் சிறந்த நடிகை, தொடருக்கும் சிறந்த நாடகத் தொடர் விருது. கடைசி எபிசோடில் ஜோ பெயர் வந்தவுடனே எனக்கு முதலில் ஜாக்கின் முகம்தான் வந்தது. அவர் சாகும்போது ஜோ அதே ஊரில் சும்மா இருந்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. டானி செத்தது ஒரு நிமிஷ வெறியில் என்று யாராவது வாதாடலாம். ஜாக் விஷயத்துக்கு அப்படிச் சொல்லவே முடியாது, அத்தனை நாளும் அவனுக்கு நேரம் இருந்தது.

டோங்காட் அக்கா

இது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மை. ஜோ இரண்டு பேரைக் கொன்றான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கரும்பு ஆலைப் பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொடுப்பார். கல்யாணம் இல்லை, தனியாள். பிள்ளைகள் அவர் முற்றத்தில்தான் கிடப்போம், கிடைத்தால் ஒரு முறுக்கு கொடுப்பார். ஒரு நாள் யாரோ எதையோ சொல்ல, எல்லா வீட்டிலும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நாளில் முற்றத்துக் கதவைச் சாத்திவிட்டார், அப்புறம் வேறு ஊருக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து அம்மாவே ஒத்துக்கொண்டார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, சொன்ன ஆள்தான் சரியில்லாத ஆள் என்று. ஜாக் தன் கடைக்குள் தனியாக நின்றபோது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்போது எனக்கு ஏன் என்று புரியவில்லை.

லெனேசியாக்காரன்

சரி, ஜாக் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவு நன்றாக இருந்தது என்றால் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும் இல்லையா? இரண்டாவது சீசன் 2015-இல் வந்தது, ஜோ நீதிமன்றத்தில் நான் குற்றவாளி இல்லை என்கிறான். எல்லி அவனை அடித்ததால் அவன் கொடுத்த வாக்குமூலமே செல்லாது என்று தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் விடுதலை. நான் ரிமோட்டைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். முதல் சீசனில் அந்த உதைக்கு நாம் எல்லாரும் மனசுக்குள் கை தட்டினோம், அதற்குத் தண்டனை பார்வையாளனுக்கா?

அமெரிக்காவில் 2014-இல் கிரேஸ்பாயிண்ட் என்று இதையே எடுத்தார்கள், பத்து எபிசோட், அதிலும் ஹார்டியாக நடித்த அதே டேவிட் டெனன்ட்தான். அங்கே முடிவை மாற்றி, சாவு மகன் கையால் தற்செயலாக நடந்தது, அப்பா பழியை ஏற்றுக்கொள்கிறான் என்று வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மூலத்தின் முடிவு எவ்வளவு துணிச்சல் என்று எனக்கே புரிந்தது. தற்செயல் என்று வந்துவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இதைச் சொல்வதால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று அக்கா நினைக்க வேண்டாம், தடயம் போதாது என்பதில் இன்னும் நிற்கிறேன்.

சாட்ஸ்வொர்த் தாத்தா

அந்த உதையால் வாக்குமூலம் செல்லாமல் போனது எனக்குச் சரியாகத்தான் பட்டது, தம்பி. போலீஸ் அறையில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களை வைத்து இந்த நாட்டில் எத்தனை பேரை உள்ளே தள்ளினார்கள் என்று பார்த்தவன் நான். எல்லி வாக்குமூலத்துக்காக அடிக்கவில்லை, அது வேறு. வயிறு எரிந்து அடித்தாள். ஆனாலும் காவலில் இருக்கிறவன் மேல் கை வைக்கக் கூடாது என்ற சட்டம் ஜோ மாதிரி ஆளுக்கும் சேர்த்துத்தான். கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் அப்படித்தான்.

கேப் டவுன் கடலோரம்

தாத்தா, இதை என் அப்பாவும் சொல்வார்.

நடுவில் ஒன்று கேட்கிறேன், சுழல் என்ற தமிழ்த் தொடரின் முதல் சீசன் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? 2022-இல் வந்தது. சாம்பலூர் சிமென்ட் ஆலை, மயானக் கொள்ளை, காணாமல் போன நிலா. அதிலும் எட்டு எபிசோட், அதிலும் ஊர் முழுக்கத் தேடிவிட்டு ஆள் குணா, சொந்த வீட்டுக்குள்ளேயே. எனக்குச் சுழல் முடிவு நெஞ்சில் அடித்த வேகம் பிராட்சர்ச்சில் இல்லை, ஏனென்றால் அதில் நிலாவின் அக்கா நந்தினிக்கு முன்பே தெரியும், அவள் சொல்லியும் யாரும் நம்பவில்லை. பிராட்சர்ச்சில் எல்லிக்கு உண்மையிலேயே தெரியாது. எது பெரிய கொடுமை என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை

சொல்லியும் நம்பாமல் போவதுதான். என் பதிலில் சந்தேகமே இல்லை.

இன்னொரு விஷயம், கடைசியில் கரை நெடுக ஒன்றுக்குப் பின் ஒன்றாக நெருப்பு ஏற்றுவார்களே, டானிக்காக. தூரத்தில் அடுத்த ஊர்க்காரர்களும் ஏற்ற, வெளிச்சம் தெரியத் தெரிய பெத்தின் முகம். கார்த்திகை அன்று சாட்ஸ்வொர்த் மேட்டில் என் பாட்டி வீட்டு வாசலில் நின்றால் எதிர் மேட்டில் ஒவ்வொரு வீடாக விளக்கு தெரியும், அந்த ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் எல்லி இல்லை என்பதைப் பார்த்தீர்களா? டானியைத் தன் பிள்ளை மாதிரி பார்த்தவள், அவளுக்கு அங்கே வந்து அழ இடம் இல்லை.

டோங்காட் அக்கா

டீச்சர், என் அம்மா கேட்டதும் இதைத்தான், வேறு விதமாக.

எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த நாளே பருப்பும் சோறும் பானையோடு வந்து இறங்கிவிடும், பத்து நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்க விடமாட்டார்கள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: பெத் வீட்டுக்கு எல்லாரும் கொண்டுபோயிருப்பார்கள், அந்தப் போலீஸ்காரப் பெண்ணுக்கும் அந்தக் கைக்குழந்தைக்கும் யாரடி சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மகள்தான் அடுத்த சீசனின் கதையைத் தேடிப் படித்துச் சொன்னாள், எல்லி அந்த ஊரை விட்டே போய்விடுகிறாள், பெரியவன் டாம் அவளோடு இருக்க மாட்டேன் என்று எல்லியின் சகோதரி வீட்டுக்குப் போய்விடுகிறான் என்று. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், பெத் அவளோடு மறுபடி பேசுகிறாளா, அதை மட்டும் பார்த்துச் சொல் என்றார்.

பேசுகிறாள், மூன்றாவது சீசனில் இருவரும் மறுபடி சிநேகிதிகள் என்று படித்துக் காட்டினோம். சரி, அப்படியானால் நாளைக்கே அடுத்ததைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.